வாசலில் ஆட்டோ நின்றது

என் மகள் வீட்டில் பிறந்தவள் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சொல்வது "பாவம்" என்பதுதான். பிறகு அவள் வயதைக் கணக்குப் பார்த்துவிட்டு, ஓ, அந்த எண்ணெய் இல்லாத காலம் என்று விடையையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். நான் வாய் திறக்க முன்னமே கதை முடிந்துவிடும். பெற்றோல் வரிசை, வாகனம் இல்லை, போக வழியில்லாமல் ஒரு கடற்கரை வீட்டுப் பெண் பாயில் கிடந்து பிள்ளை பெற்றாள். சிலருக்குக் கண்கூடக் கலங்கிவிடும்.

அந்தக் கண்ணீரை அவர்களே துடைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. அதில் பெற்றோல் இருந்தது. ஏறாமல் விட்டவள் நான்.

மூத்தவனை ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அங்கே என் உயிருக்கு ஒரு குறையும் வரவில்லை. பிள்ளையையும் நல்லபடியாகக் கையில் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்வதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. நன்றி சொன்னவள் மற்றதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இடப்பக்கம் சரிந்து படு என்றார்கள், படுத்தேன். வலப்பக்கம் திரும்பலாமா என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டேன், பிறகு என்றார்கள். நோவு தாங்காமல் வாய்விட்டுக் கத்தியபோது, திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் சத்தம் போடாமல் பெறத் தெரியாதோ என்று கேட்டது. அந்த முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரே நாளில் நான் கேட்ட அனுமதிகளை அதற்கு முன் என் ஆயுளில் கேட்டிருக்கமாட்டேன்.

என் மனுசன் அவ்வளவு நேரமும் வெளிக் கேற்றடியில் நின்றார். மல்லித்தண்ணீர் ஊற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அது என்னிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நின்றார். மகன் பிறந்து அடுத்த நாள்தான் அது எனக்கு வந்தது, ஆறிப்போய். அந்த ஆறின மல்லித்தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பிள்ளை பெறுவது நோகும் என்று தெரிந்துதான் போனேன். தன்னந்தனியாக நோக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே இரண்டாவது தங்கியிருப்பது தெரிந்த அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளையை என் வீட்டில், என் அறையில், என் மனுசன் பக்கத்தில் இருக்கப் பெறுவேன். அதை முதலில் சொன்னது எங்கள் ஊருக்குப் பொறுப்பான குடும்பநல மாதுவிடம். கர்ப்பிணிகளை வீடு வீடாக வந்து பார்ப்பவர் அவர். கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் என் நிறையை எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடிவைத்துவிட்டு, அந்தக் காலம் போய்விட்டது என்றார். இரத்தம் போகலாம், பிள்ளை அழாமல் பிறக்கலாம், வீட்டில் வைத்து என்ன செய்வது என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதனால் நான் ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. குத்த வந்த ஊசிக்கெல்லாம் கையை நீட்டினேன், தந்த குளிசையெல்லாம் விழுங்கினேன். எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அவரே ஒவ்வொரு முறையும் சொன்னார். அந்தக் கதையை நானும் பிறகு எடுக்கவில்லை. மிஸ் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்தார். அது அவருடைய பிழை.

அப்போது கரையில் வள்ளங்கள் எல்லாம் மண்ணெண்ணெய் இல்லாமல் கவிழ்ந்து கிடந்தன. என் மனுசன் கடலுக்குப் போகாமல் விறாந்தையில் இருந்து பழைய வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். அந்த வலையில் பொத்துவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உழைப்பு இல்லாத காலம்தான். ஆனாலும் அவர் வீட்டில் இருந்தார். என் எண்ணத்தை அவரிடம் சொன்னபோது, தனக்கு விளங்குகிறது, தாய்க்கு யார் சொல்வது என்று கேட்டார். அதுதான் கேள்வி.

மாமியைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வயதானவர்கள் என்றால் வீட்டில் பெறு என்பார்கள், இளையவர்கள் ஆஸ்பத்திரி என்பார்கள் என்றுதானே எல்லோரும் நினைப்பது. எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். தலைப்பிள்ளையையும் என் மனுசனையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற்றதை மாமி பெருமையாகச் சொல்லுவா. மூன்றாவதாகப் பெற்ற என் மச்சாளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டா. எனக்கு நாலு மாதம் இருக்கும்போதே ஒடுங்கிய எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஆட்டோக்கார அண்ணையிடம் போய், பேறு நாளுக்கு வண்டி வேண்டும், அதற்கென்று பெற்றோல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டா. அவரும் பண்டத்தரிப்பில் வரிசையில் நின்று அடித்த பெற்றோலில் ஒரு பங்கை ஒரு பிளாஸ்டிக் கானில் ஊற்றிப் பூட்டி வைத்தார். அந்தக் கானைப் பற்றி ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆத்திர அவசரத்துக்குக்கூட ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நல்ல சனம். அந்த நல்ல மனதுக்காகவாவது நான் ஏறியிருக்க வேண்டும் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். பெற்றோல் வீணாகக் கூடாது என்பதற்காகவெல்லாம் நான் பிள்ளை பெற முடியாது.

நோவு தொடங்கியது காலையில், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது. ஒருவருக்கும் சொல்லவில்லை. தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டேன். நோவு வரும்போது கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், போனதும் அடுத்த உடுப்பை எடுப்பேன். வெயில் ஏறமுதல் வெதுவெதுப்பாக இருந்த தொட்டித் தண்ணீரை அள்ளி இடுப்பில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற நன்றாக இருந்தது. போதும், நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. பசித்தது. பிட்டும் முதல்நாள் மீன்குழம்பும் குழைத்துச் சாப்பிட்டேன். குசினியிலிருந்து முருங்கையடிக்கும், முருங்கையடியிலிருந்து குசினிக்கும் நடந்தேன். களைத்தபோது குந்தினேன். வலப்பக்கமாகவும் கொஞ்ச நேரம் சரிந்து படுத்தேன், வேண்டுமென்றே. இதையெல்லாம் வசதி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடப்பக்கமாகக் கிடந்து பார்த்தவள் சிரிக்கமாட்டாள்.

மகனை ஆட்டோக்கார அண்ணையின் மனைவி விளையாடக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. மத்தியானக் கறிக்குத் தேங்காய் திருவ உட்கார்ந்தவள், பாதியில் விட்டுவிட்டு எழுந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாமி வந்து திருவலையைப் பார்த்தா, பாதித் தேங்காயைப் பார்த்தா, என் முதுகைப் பார்த்தா. எப்போது தொடங்கியது என்று கேட்டா. காலையில் என்றேன். அதற்குப் பிறகு அவவிடம் ஒரு கேள்வியும் இல்லை. ஒழுங்கையில் இறங்கி ஒரு சத்தம் வைத்தா. ஆட்டோ வந்து எங்கள் வாசலில், குசினிப் பக்கத்து வேலியோரம் நின்றது. கட்டி வைத்திருந்த பையைத் தூக்கி அதில் வைத்தாகிவிட்டது. என் மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிஸ்ஸைக் கூட்டிவர ஓடினார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஏற மாட்டன் மாமி."

மாமி என்னைப் பிடித்து இழுக்கப் போகிறா என்று நினைத்தேன். அவ இழுக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டா. இந்தப் பிடிவாதக்காரி தன் மகனின் பிள்ளையைக் கொல்லப் போகிறாள் என்று ஆட்டோக்கார அண்ணையிடம் முறையிட்டா. அவர் பாவம், வேலியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமி என் பக்கம் திரும்பி, அவ்வளவு நாளும் சொல்லாததைச் சொன்னா. சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்து போன நாளில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, மறைப்புக்கு இரண்டு சேலை கட்டி, முன்பின் தெரியாத சனம் அந்தப் பக்கம் படுத்திருக்க, என் மச்சாளைப் பெற்றிருக்கிறா. சுடுதண்ணீர் வைக்க விறகு இல்லை. பிள்ளையைச் சுற்றத் துணி இல்லை.

"அண்டைக்கு ஒரு ஆஸ்பத்திரி கிடைச்சிருந்தால் நான் தவழ்ந்தெண்டாலும் போயிருப்பன். உனக்கு வாகனம் வாசலிலை நிக்குது. நீ என்னண்டால் நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

எனக்குக் கோபம் போய்விட்டது. பிடிவாதம் போகவில்லை. இவ்வளவு காலமும் அவ எதற்குப் பயந்தா என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நினைத்திருந்ததுபோல அவ என்னை அடக்கப் பார்க்கவில்லை.

"மாமி, உங்களுக்கு அண்டைக்கு வீடு இருக்கேல்லை. எனக்கு இருக்கு. அதுக்குள்ளைதான் பெறப்போறன்."

 அடுத்த நோவு வந்து நான் குனிந்தபோது அவ எழும்பி வந்து என் இடுப்பை அமத்திப் பிடித்தா. நல்ல இறுக்கம். அந்த இடத்தை நான் காட்டவில்லை, அவவுக்கே தெரிந்திருந்தது.

மிஸ் வந்த வரத்தில் என் மனுசனுக்கும் ஏச்சு, எனக்கும் ஏச்சு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம். ஏசிக்கொண்டே கையைக் கழுவி, என்னைச் சோதித்து, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இப்போது வெளிக்கிட்டாலும் போய்ச் சேரலாம் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். இதற்கு மேலிடத்தில் பதில் சொல்லப்போவது தான்தான், நான் இல்லை என்று சொன்னார். அதுவும் உண்மை. பிறகு என் கன்னத்தைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்க்கத் திருப்பினார்.

"ஆட்டோ உதிலையே நிக்கட்டும். நான் ஏறு எண்டு சொன்னால், ஏன் எண்டு கேக்காமல் ஏற வேணும். ஓமோ?"

"ஓம் மிஸ்."

ஏதாவது நடந்திருந்தால் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். ஓம், நடந்திருக்கலாம். அதற்காகத்தான் கைதேர்ந்த ஒருவர் உள்ளே இருந்தார், வண்டி வெளியே நின்றது. எல்லோரும் வீட்டில் பெறுங்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. வேண்டாம் என்ற என் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருந்தது, அதை மட்டும் சொல்லுகிறேன்.

மாமி அடுப்பை மூட்டினா. தோய்த்துத் தோய்த்து மெதுமையாகிப்போன பழைய சாரங்களை அலுமாரியில் இருந்து எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தா. மின்சாரம் வழக்கம்போல நின்றது. யன்னலைத் திறந்துவிட்டோம், கடற்காற்று வந்தது. என் மனுசன் அறை வாசலில் தயங்கி நின்றார். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்று மாமி அதட்டினா. அவரிடம் எனக்கு வேலை இருக்கிறது என்று நான் அதட்டினேன். அவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவர்மேல் சாய்ந்தேன். இஞ்சித் தேத்தண்ணி கேட்டேன், சுடச்சுட வந்தது, கூடவே கடிக்கப் பனங்கட்டித் துண்டும். கத்த வேண்டும்போல் இருந்தது. அடுத்த சந்திக்குக் கேட்கக் கத்தினேன். அது என்னுடைய வீடு. மிஸ் மட்டும் மெல்லிய குரலில், கத்து பிள்ளை, ஆனால் மூச்சைக் கீழே விட்டுக் கத்து என்றார்.

பின்னேரத்து வெயில் அறைக்குள் விழுந்துகொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டாள். வந்ததும் அழுதாள். மிஸ் அவளைத் துடைத்து என் நெஞ்சில் போட்டார், ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் பின்னால் இருந்தவர் அழுதது எனக்கு முதுகில்தான் தெரிந்தது. இளங்கொடி முழுதாக விழுந்துவிட்டதா என்று மிஸ் கவனமாகப் பார்த்தார். இரத்தம் அளவோடு நின்றது. அதன் பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்கும் ஒரு தேத்தண்ணி கேட்டார். என் மனுசன் இளங்கொடியைக் கொண்டுபோய் முருங்கையடியில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டார். நான் அன்று நடந்து தேய்த்த அதே இடத்தில்.

எங்கள் பக்கத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பிள்ளை பிறந்தால் உலக்கையையும் பெண் பிள்ளை பிறந்தால் விளக்குமாற்றையும் வீட்டுக் கூரைக்கு மேலால் எறிவார்கள். பிள்ளைகள் எல்லாம் ஆஸ்பத்திரியில் பிறக்கத் தொடங்கியபிறகு அது விட்டுப்போயிற்று. மாடிமேல் மாடி கட்டிய ஆஸ்பத்திரிக்கு மேலால் உலக்கை எறிய யாரால் முடியும். என் மகனுக்கு ஒன்றையும் எறியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறந்த மச்சாளுக்கும் எறியவில்லை. எறிய அவர்களிடம் கூரை இருக்கவில்லை, விளக்குமாறுகூட இருக்கவில்லை. நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி குசினிக் கதவுக்குப் பின்னால் போய், ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கப் போனா.

விளக்குமாறு கூட்டுவதற்கு இருக்கட்டும், உலக்கையை எறியுங்கோ என்றேன். பெட்டைப் பிள்ளைக்கு உலக்கை எறிவதில்லை என்றா. எறிந்தால் என்ன, கூரை கோபிக்குமா என்றேன். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். மாமி விளக்குமாற்றையும் பார்த்தா, என் நெஞ்சில் கிடந்தவளையும் பார்த்தா. பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உலக்கையைத் தூக்கினா.

மீன்கூடை சுமந்த தோள் அது. எங்கள் குசினிக் கூரை உயரமில்லாத தகரச் சீற்றுக் கூரை. உலக்கை கூரையிலும் முட்டவில்லை, வேலியிலும் முட்டவில்லை. எல்லாவற்றையும் தாண்டி, எனக்காக மத்தியானத்திலிருந்து பொறுமையாக நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் மேல் விழுந்தது. படங்குக் கூரையைக் கிழித்துக்கொண்டு பின் ஆசனத்தில் போய்க் குந்தியது. நல்லகாலம், அண்ணை தேத்தண்ணி குடிக்க எங்கள் முற்றத்துக்கு வந்திருந்தார். அவர் கிழிசலைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் ஏறவில்லை, உலக்கையாவது ஏறியதே தங்கச்சி என்று யன்னலால் சொன்னார். கிழிசலைத் தைத்துக் கொடுக்கிறேன் என்று என் மனுசன் எவ்வளவு கேட்டும் அண்ணை விடவில்லை. பிறகு அவரே ஒரு நீலத் துண்டு வைத்துத் தைத்தார். இன்றைக்கும் பார்க்கலாம். வாகனம் இல்லாததால்தான் என்று சொல்பவர்களை நான் முதலில் அந்தக் கூரையைப் போய்ப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

அன்று மாலை கனடாவில் இருந்து மச்சாள் வீடியோவில் வந்தாள், அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்தவள். தன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மெழுகுதிரி கொளுத்தி, பாட்டுப் போட்டு, வீட்டில்தான் பெற்றாளாம், எல்லோரும் பூக்கொத்துக் கொண்டுபோய்ப் பாராட்டினார்களாம். அதைச் சொன்ன அதே வாயால், எனக்கு நடந்ததை நினைத்தால் தனக்கு வயிறு எரிகிறது என்றும் சொன்னாள். அந்தப் பெண் செய்தால் விருப்பம், நான் செய்தால் வறுமை. மெழுகுதிரி நாங்களும்தான் வைத்திருந்தோம், கரண்ட் இல்லாததற்காக.

அடுத்த நாள் காலையில் மிஸ் சொன்னபடி பிள்ளையைக் காட்டவும் தடுப்பூசி போடவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை நானே ஏறினேன், ஒருவரும் இழுக்கவில்லை. கிழிந்த கூரையால் வெயில் வந்து மகளின் காலில் விழுந்தது, மாமி தன் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டே வந்தா. வழியெல்லாம் பெற்றோலுக்கு வரிசை. அவ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அவ வெட்கப்படுகிறா, கேட்டால் எண்ணெய் இல்லை என்றுதான் சொல்லப் போகிறா என்று நான் நினைத்துக்கொண்டேன். சொன்னால் சொல்லட்டும், அந்த மனுசிக்கும் ஒரு மானம் இருக்கிறதே என்று விட்டுவிடத்தான் இருந்தேன்.

தாதி ஒருத்தி வந்து பிள்ளையைத் தூக்கினாள். நல்ல முகம், இளம் பிள்ளை. வீட்டில் பிறந்தது என்றதும் அவள் முகம் இரங்கிப்போயிற்று.

"பாவம். பெற்றோல் கிடைக்கேல்லை, என்ன?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமி வாங்கிலிருந்து எழும்பிவிட்டா.

"வாகனம் வாசலிலை நிண்டது, பிள்ளை. என்ரை மருமோள்தான் ஏறேல்லை. அவளுக்கு வீடு இருந்தது."